கனிஷ்காவின் க

கொழிஞ்சிவலசில் நானூற்றுச் சொச்சம் விசைத்தறிகள் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்று இருபதுக்கு, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்புப் படித்த கனிஷ்கா என்ற பெண் பாடிய ஒரு சுரம், அவள் வாயை மூடிய பிறகும் நிற்கவில்லை.

அந்த வருஷம் ஜூன் மாதம்வரைக்கும் அந்தப் பள்ளியில் பாட்டு என்று ஒரு பாடம் கிடையாது. இரண்டு அறை, நாற்பத்தொரு பிள்ளைகள், எல்லாப் பாடத்துக்கும் சேர்த்துத் தலைமை ஆசிரியர் செல்லமுத்து ஒருவர், அவ்வளவுதான். ஜூன் கடைசியில் சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து ஜெசிந்தா என்ற இருபத்தைந்து வயது டீச்சர், ஒரு கையில் சுருதிப் பெட்டியும் மறு கையில் டிபன் டப்பாவுமாகப் பஸ்ஸிலிருந்து இறங்கி, வாரத்தில் செவ்வாயும் வியாழனும் பாட்டு எடுக்கத் தன்னைப் போட்டிருப்பதாக ஒரு காகிதத்தை நீட்டினார்.

செல்லமுத்து அதை இரண்டு தடவை படித்தார். "பாட்டுக்குன்னு தனியா பீரியடு இல்லீங்களே டீச்சர். கணக்கு இருக்குது, அறிவியல் இருக்குது, தமிழ் இருக்குது, சமூக அறிவியல் இருக்குது. இதுல பாட்டை எங்கீங்க நுழைக்கறது?"

"அதுக்குள்ளயே நுழைச்சிருதேன் சார்," என்றார் ஜெசிந்தா.

அப்படியே நுழைத்தார். எட்டாம் வாய்ப்பாட்டை ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைக்குள் உட்கார வைத்தார். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் கூரையைப் பார்த்த பிள்ளைகளெல்லாம் தொடையில் தட்டிக்கொண்டே ஐம்பத்தாறு என்றார்கள். தமிழ்நாட்டு ஆறுகளை வடக்கிலிருந்து தெற்கே மெட்டுப் போட்டு ஓடவிட்டார். பெரிய ஆற்றுக்குப் பெரிய இழுப்பு, வறண்ட ஆற்றுக்கு ஒரு தட்டு. வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற செல்லமுத்து முதல் வாரம் முகத்தைச் சுளித்தார், இரண்டாவது வாரம் தலையாட்டினார், மூன்றாவது வாரம் தானே ஒரு பாடம் சொன்னார்: நொடி என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை, ஆகவே ஆளுக்கு ஒரு சுரத்தை மூச்சு முட்டும்வரை பிடிக்கட்டும், மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்து எண்ணட்டும், கடைசியில் சராசரி போடலாம்.

முதல் பையனுக்கு ச, பதினொரு நொடி. இரண்டாவது பெண்ணுக்கு ரி, பதினாலு. மூன்றாவதாக, மூன்றாவது பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்ற கனிஷ்காவுக்கு க. அவள் கண்ணை மூடிக்கொண்டு, வாயை வட்டமாக வைத்துக்கொண்டு, இருபத்து மூன்று நொடி பிடித்தாள். அப்போது இடைவேளை மணி அடித்தது. "போதும் அம்மிணி," என்றார் செல்லமுத்து. அவள் வாயை மூடினாள். க மூடவில்லை. பிள்ளைகள் தங்களுக்குச் சொன்னபடியே தொடர்ந்து எண்ணினார்கள். முந்நூற்று நாற்பதைத் தாண்டியபோது செல்லமுத்து சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, கனிஷ்கா பெயருக்கு நேராக 'இன்னும் முடியவில்லை' என்று எழுதிவிட்டு எல்லோரையும் இடைவேளைக்கு அனுப்பினார்.

கனிஷ்கா மட்டும் போகாமல் நின்றாள். "டீச்சர், எனத் தண்ணி டிணும்," என்றாள்.

எனக்குத் தண்ணி குடிக்கணும் என்பதுதான் அது. க அறையில் நின்றுவிட்டதால் வாயில் இல்லை. க மட்டுமல்ல, கா, கி, கு என்று அதன் குடும்பமே வெளியில் நின்றுவிட்டது. தனக்குப் பின்னால் க இல்லாமல் நிற்கப் பழகாத ங்-உம் அதோடு போய்விட்டது.

ஊருக்குப் பயம் வரவில்லை. தறிச் சத்தத்துக்குள்ளேயே பிறந்து, தறிச் சத்தத்துக்குள்ளேயே தாலி கட்டி, பாதிப் பேச்சைக் கைச் சாடையிலேயே முடித்துக்கொள்ளும் ஊருக்கு இன்னொரு சத்தம் ஒரு பொருட்டில்லை. ஆனால் இந்தச் சத்தம் மற்றச் சத்தங்களை முட்டித் தள்ளவில்லை. அவற்றின் கீழே புகுந்து, சேலைக்குள் ஓடும் ஒற்றைச் சரிகை இழைபோல ஊரின் கடைசி வீடுவரைக்கும் போனது. முப்பது வருஷம் தறி ஓட்டிக் காது மந்தமானவர்களுக்குக்கூட அது கேட்டது. கேட்டவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மூன்றாவது பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று தலையை நீட்டினார்கள். இது கோயில் இல்லை, தேங்காய் உடைக்கக்கூடாது என்று செல்லமுத்து எழுதி ஒட்டினார். உடைத்த தேங்காயை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். நாதஸ்வரக்காரர்கள் சுருதி சேர்க்கப் பள்ளிக்கூடச் சுவரோரம் வந்து உட்கார்ந்தார்கள். தூங்காத குழந்தைகளை எடுத்துக்கொண்டு தாய்மார்கள் மதியத்தில் வந்தார்கள், குழந்தையும் தூங்கி, தாயும் தூங்கி, மூன்று மணிக்கு எழுந்து போனார்கள். நாற்பது தறிக்குச் சொந்தக்காரியும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவியுமான நாச்சம்மாள், அந்தச் சத்தம் வந்த நாளிலிருந்து தன் பட்டறையில் நூல் அறுவது பாதியாகக் குறைந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னாள்.

ஒரே ஒரு இடத்தில்தான் ஊருக்கு இடித்தது. கொழிஞ்சிவலசில் நாய்க்குட்டியைக்கூட 'போங்க' என்றுதான் விரட்டுவார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில், சத்தத்தைக் கேட்க வந்த நாச்சம்மாளைப் பார்த்து, வாங்க பெரியம்மா, உக்காருங்க என்று சொல்ல வாயெடுத்த கனிஷ்கா, "வா பெரியம்மா. உரு," என்றாள்.

நாச்சம்மாள் உட்காரவில்லை. கனிஷ்காவின் அம்மா பூங்கொடி, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை முடிந்து வந்ததும் வராததுமாக நாச்சம்மாள் வீட்டுக்கு ஓடி, "திமிரில்லீங்க, எழுத்து இல்லீங்க," என்று மன்னிப்புக் கேட்டாள். மறுநாள் பலசரக்குக் கடைக்காரரை அவள் பெண் 'போ' என்றாள், அதற்கு மறுநாள் பூசாரியை 'தா' என்றாள். பூங்கொடி எத்தனை வீடுதான் ஓடுவாள்! கடைசியில் ஊர் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தது: கனிஷ்கா யாரிடம் பேசுகிறாளோ, அவர்களே அந்த 'ங்க'வைத் தங்கள் வாயால் போட்டுக்கொள்ள வேண்டியது. அன்றிலிருந்து அவள் தெருவில் "வா" என்றால், எதிரே வந்த பெரியவர் தனக்குத்தானே "ங்க" என்று முணுமுணுத்துக்கொண்டு, மரியாதை கிடைத்த திருப்தியோடு வந்தார். கொஞ்ச நாளில் அது யாருக்கும் வித்தியாசமாகவே தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் செல்லமுத்து பாடுவதை மட்டும் நிறுத்தி வைத்திருந்தார்; இருக்கிற சத்தமே போதும் என்பது அவர் எண்ணம். மற்றபடி எல்லாப் பாடமும் அந்தச் சத்தத்தைச் சுற்றியே நடந்தது. தமிழ்ப் பாடத்தில் பிள்ளைகள் கனிஷ்காவுக்காகச் சொல் தேடினார்கள். காகத்துக்கு 'வடை திருடும் பறவை', கணக்குக்கு 'எண் பாடம்', கத்திரிக்காய்க்கு 'ஊதா நிறச் சாம்பார் சாமான்', கொழிஞ்சிவலசுக்கு 'நம்ம ஊர்'. கனிஷ்கா என்ற பெயருக்கு ரொம்ப நேரம் யோசித்தார்கள். அவளே கையைத் தூக்கி, "நான்," என்றாள். அறிவியல் பாடத்தில் ஜெசிந்தா டீச்சர் தட்டில் ரவையைப் பரப்பி பெஞ்சின் மேல் வைத்தார். ரவை தானாக ஓடி ஓடிக் கோலம் போட்டது, சத்தம் என்பது அதிர்வு என்று யாரும் மனப்பாடம் பண்ண வேண்டியிருக்கவில்லை. அப்புறம் நோட்டில் பள்ளிக்கூடத்தை வரைந்து, எந்த இடத்தில் ரவை எவ்வளவு குதிக்கிறது என்று புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்து வட்டம் போட்டு, சத்தத்துக்கு ஒரு வரைபடமே செய்தார்கள்.

இப்படியாக ஏழு வாரம் போயிற்று. புரட்டாசி பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்கொடி கனிஷ்காவுக்குத் தலை பின்னும்போது, பிள்ளையின் தோள் எலும்பு கையில் தட்டுப்பட்டது.

"ஏஞ்சாமி, சாப்பிடறதே இல்லையா நீ?"

கனிஷ்கா பின்னல் நுனியை விரலில் சுற்றினாள்.

"வேணும்னா கேட்கோணுமல்லோ!"

"வேணும்னு சொன்னேன்," என்றாள் கனிஷ்கா. "தம்பி தட்டுல விழுந்துச்சு."

பூங்கொடியின் கை பின்னலிலேயே நின்றது. ஞாபகம் வந்தது. காலையில் ஆறரை மணி அவசரத்தில், பின்னாலிருந்து "தோசை வேணும்" என்று குரல் கேட்கும். சின்னவனுக்குத்தான் கேட்கிறாள் என்று அவன் தட்டில் போட்டுவிடுவாள். எனக்கு என்ற சொல் இல்லாமல் கேட்ட எதுவும் அந்தப் பெண்ணுக்கு வந்து சேரவில்லை. தோசை மட்டுமில்லை, ரிப்பன், மிட்டாய், மடி, எதுவுமே. வேறு மாதிரிச் சொல்ல வழி இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவை ஆசைப்படுவதற்கு முன்னாலும் இலக்கணம் யோசிக்க வேண்டுமென்றால், யோசித்து முடிப்பதற்குள் ஆசை ஆறிப்போய்விடுகிறது. ஊரே தனக்கு வரவேண்டிய 'ங்க'வைத் தானே போட்டுக்கொண்டது. இவளுக்கு வரவேண்டிய 'எனக்கு'வைப் போட ஒருவரும் இல்லை.

திங்கட்கிழமை பூங்கொடி பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மேலாண்மைக் குழு கூடியிருந்தது.

"அந்தச் சத்தத்தை எடுத்து என்ற புள்ளைகிட்டக் குடுத்துருங்க," என்றாள்.

நாச்சம்மாள் பதறிப்போனாள். "என்ன பூங்கொடி இப்படிச் சொல்ற? ஊருக்கே அதுதான் இப்ப உசுரு. போனது ஒரு எழுத்துதானே? மீதி இருநூத்தி நாப்பத்தாறு இருக்குதல்லோ?"

"ஒண்ணு இல்லீங்க," என்றார் செல்லமுத்து. கணக்கென்றால் அவரால் சும்மா இருக்க முடியாது. "க் வரிசை பதிமூணு, ங் வரிசை பதிமூணு. இருபத்தாறு போக இருநூத்தி இருபத்தொண்ணுங்க."

"அது போதாதா ஒரு சின்னப் புள்ளைக்கு?"

"நீங்க ஒரே ஒரு நாள் அது இல்லாமப் பேசிப் பாருங்க," என்றாள் பூங்கொடி. அவள் குரல் உயரவில்லை. "ஒரு நாள் போதுங்க. பொறவும் போதும்னு சொன்னீங்கன்னா நான் இந்தப் பக்கமே வர மாட்டேன்."

நாச்சம்மாள் சவாலென்றால் விடமாட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை, கொழிஞ்சிவலசில் ஒருத்தரும் க சொல்லக்கூடாது என்று தண்டோரா போட்டாள். க சொல்ல அதுதான் கடைசி நல்ல நாள் என்பதுபோலத் தண்டோராக்காரர் அதை இருபது தடவை சொன்னார்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலை ஏழு மணிக்கெல்லாம் பட்டறைகளில் மூன்று சண்டை நடந்து முடிந்திருந்தது, 'ங்க' இல்லாமல் பேசினதில் மாமனார் மருமகனை முறைத்துக்கொண்டு நின்றார். டீக்கடையில் ஆளாளுக்கு "டீ, டீ" என்றார்கள். யாருக்கு என்று ஒருவராலும் சொல்ல முடியாததால், வலப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா ஒன்பது டீ குடித்தார், இடப் பக்கம் இருந்தவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. அன்றைக்கென்று ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா வாசலில் கைகூப்பி நின்று, வாங்க, உக்காருங்க, காபி குடிங்க என்பதை "வா, உரு, பி டி" என்று சொல்ல, மாப்பிள்ளை வீட்டார் வந்த காரிலேயே திரும்பிப் போனார்கள். பெண்ணுக்கு அந்த மாப்பிள்ளையை முதலிலிருந்தே பிடிக்கவில்லை. அந்த ஒரு வீட்டில் மட்டும் அன்று பாயசம் வைத்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல் ஊர் பேசுவதையே விட்டுவிட்டது. தறிகள் மட்டும் ஓடின. பொழுது சாய்கிற நேரம் நாச்சம்மாள் பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்து படியில் உட்கார்ந்தாள். வீட்டில் பதினாறு பேர் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள். அவள் சாப்பிடவில்லை என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்டிருக்கலாம்தான். நாலு வார்த்தையைத் தேடித் தேடி, தேடுவதிலேயே சலித்து, வேண்டாமென்று விட்டுவிட்டாள். அறுபத்திரண்டு வயதில் முதல்தடவையாக அவள் தன் வீட்டில் ஆளில்லாததுபோல இருந்தாள்.

சூரியன் மறைந்தது. "எடுத்துருங்க டீச்சர்," என்றாள், அந்த நாளைப் பார்க்கவென்றே வந்திருந்த ஜெசிந்தாவிடம். "புள்ளைகிட்டக் குடுத்துருங்க. நூல் அறுந்தா அறுந்துட்டுப் போவுது, முடிச்சுப் போட்டுக்கறேன்."

குடுங்க என்று சொல்வது எளிது. சனிக்கிழமை பித்தளைக் குடத்தை வைத்துப் பிடித்துப் பார்த்தார்கள். குடம்தான் நாள் முழுக்க ரீங்கரித்தது. நாச்சம்மாள் பட்டறையில் பஞ்சுத் தூசி உறிஞ்சும் மெஷினைக் கொண்டுவந்து வைத்தார்கள். சுவரிலிருந்த திருவள்ளுவர் படம் மெஷினில் போய் ஒட்டிக்கொண்டது, சத்தம் அசையவில்லை. கனிஷ்காவை வாயைத் திறந்துகொண்டு அறை முழுக்க நடக்கவிட்டார்கள். அவளுக்குக் கொட்டாவிதான் வந்தது.

ஜெசிந்தா டீச்சர் அன்று ராத்திரி பஸ்ஸைப் பிடிக்காமல் நாச்சம்மாள் வீட்டிலேயே தங்கி, ஞாயிறு முழுக்க யோசித்தார். திங்கட்கிழமை காலையில் செல்லமுத்துவிடம் வந்து, "தப்பு நம்ம மேலதான் சார்," என்றார். "அன்னைக்கு ச, ரி, க வரைக்கும் ஏறினோம். மணி அடிச்சிட்டு, விட்டுட்டோம். அதுக்கப்புறம் பயந்துக்கிட்டு யாருமே பாடல. ஏத்திவிட்டவங்கதான இறக்கிவிடணும்? அது எறங்கறதுக்கு நாம வழியே போடலயே."

செல்லமுத்து அலமாரியைத் திறந்து அளவு நாடாவை எடுத்தார். பாட்டை நிறுத்தச் சொன்னவர் அவர்தானே.

பிள்ளைகளின் வரைபடம் இருந்தது. மூன்றாவது பெஞ்சுக்கு வலப்புறம் ஒன்றே கால் அடியில் எல்லா வட்டங்களும் சுருங்கி ஒரு புள்ளியானது. அந்தப் புள்ளியில் ரவைத் தட்டை மேலும் கீழுமாக நகர்த்தி, எங்கே ரவை தட்டை விட்டே எகிறுகிறதோ அங்கே நிறுத்தி, தரையிலிருந்து அளந்தார்கள். நூற்றுப் பதினாலு சென்டிமீட்டர். கனிஷ்காவைச் சுவரோடு நிறுத்தி வாய்வரைக்கும் அளந்தார்கள். நூற்றுப் பதினைந்து.

"சோறில்லாமலே வளர்ந்திருக்கறா பாரு!" என்றார் செல்லமுத்து. "கழிச்சா எவ்வளவு வருது?"

"ஒண்ணு சார்!" என்று வகுப்பு முழுக்கக் கத்தியது.

"அப்ப ஒரு சென்டிமீட்டர் குனியோணும்."

செவ்வாய்க்கிழமை பதினொன்று இருபதுக்கு ஊரில் பாதி பள்ளிக்கூடத்து ஜன்னல்களில் இருந்தது. கம்பெனிக்குச் சொல்லிவிட்டு வந்த பூங்கொடி கதவோரம் நின்றாள். கனிஷ்கா அந்த இடத்தில் நின்று, முழங்காலை லேசாக மடக்கினாள். செல்லமுத்து நாடாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தார். இடைவேளை மணியைக் கழற்றி நாச்சம்மாள் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா டீச்சர் சுருதிப் பெட்டியைத் திறந்தார். ஏற்கெனவே அறையில் இருந்த 'க'வை விட்டுவிட்டு, அடுத்த படியிலிருந்து நாற்பது பிள்ளைகளும் தொடங்கினார்கள். ம. ப. த. நி. மேலே ச. அங்கே ஒரு மூச்சு. பிறகு திரும்பினார்கள். ச, நி, த, ப, ம. ஒவ்வொரு படிக்கும் ரவை புதிய கோலத்துக்கு மாறியது. ம முடிந்த இடத்தில் எல்லோரும் நிறுத்தினார்கள். கனிஷ்கா வாயைத் திறந்தாள்.

ஒன்பது வாரமாக நின்றுகொண்டிருந்த சுரம், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த மனுஷனைப்போல, ஒரு அவசரமுமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. தட்டில் ரவை ரவையாகக் கிடந்தது. கனிஷ்காவுக்கு ஒரு விக்கல் வந்தது. "நிறுத்தாதீங்க," என்று டீச்சர் கையைக் காட்ட, எல்லோரும் ரி என்றார்கள், ச என்றார்கள், வாயை மூடினார்கள்.

பட்டறைகளில் ஒரு தறிகூட நிற்கவில்லை. ஆனால் நானூறு தறிகளுக்கும் முன்னால் நின்றவர்கள் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள், யாரோ கூப்பிட்டு நிறுத்தியதுபோல.

"ஏதாச்சும் சொல்லு அம்மிணி," என்றார் செல்லமுத்து. நாடாவைச் சுருட்டினார்.

கனிஷ்கா யோசித்தாள். "கணக்குப் பீரியடு முடிஞ்சுதுங்களா சார்?"

ஜன்னலில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் நாச்சம்மாள் மடியிலிருந்த மணி தானே அடித்தது. செல்லமுத்து அடுத்த வாரக் கால அட்டவணையில் கணக்கு என்ற கட்டத்துக்குள் 'பாட்டோடு' என்று பேனாவாலேயே எழுதினார். நாச்சம்மாள் பட்டறையில் நூல் பழையபடி அறுந்தது. அவளும் பழையபடி முடிச்சுப் போட்டாள்.

அன்று சாயங்காலம் பூங்கொடி தோசை ஊற்றினாள். கனிஷ்கா அடுப்புமேடையைப் பிடித்துக்கொண்டு ஒன்பது வாரத்து ஆசைகளை ஒன்றுவிடாமல் சொன்னாள். எனக்கு இன்னொண்ணு. எனக்குக் கெட்டிச் சட்னி. எனக்குத் தம்பி தொடாத பென்சில் டப்பா. எனக்குப் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு. எனக்குக் கரடி பார்க்கணும், தூரத்தில் இருந்து. ஒவ்வொன்றுக்கும் பூங்கொடி "சரி சாமி," "சரி சாமி" என்றாள். பட்டியல் தீர்ந்ததும் கனிஷ்கா வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"உனக்கு அம்மா?"

"எனக்கென்ன?"

"உனக்கு என்ன வேணும்?"

பூங்கொடி கரண்டியோடு நின்றாள். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் வாயிலேயே இருந்தன. "எனக்கு..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. கல்லில் தோசை ஓரம் சிவந்து, கறுத்து, புகைந்தது. கனிஷ்கா அவசரப்படுத்தவில்லை, கையை நீட்டி அடுப்பை அணைத்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"எனக்கு," என்றாள் பூங்கொடி கடைசியில், "நாளைக்கு ஒரு நாள் லீவு வேணும்."

சொன்னவள் தானே திடுக்கிட்டாள், அவ்வளவு சத்தமாக வந்தது அது.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி வேன் வாசலில் வந்து நின்று மூன்று தடவை ஹார்ன் அடித்தது. பூங்கொடி படுத்தபடியே மூன்றையும் கேட்டாள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.